பார்த்தாலே மாறிவிடும் தரவு

பல கோடி வரிகள் கொண்ட ஒரு சர்வர் பதிவுக் கோப்பைப் படித்து, எந்தப் பிழை எண் எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணிச் சொல்லும் சிறிய நிரல் ஒன்றைச் சில ஆண்டுகளுக்கு முன் ஹாஸ்கெல் மொழியில் எழுதினேன். மொத்தம் நாற்பது பிழை எண்கள்தாம். அவற்றுக்கு நேரே நாற்பது எண்ணிக்கைகள். ஒரே தாளில் அடங்கிவிடும் இந்த அட்டவணைக்காக அந்த நிரல் என் கணினியின் 8 ஜிபி நினைவகத்தையும் விழுங்கிவிட்டு நின்றது. உள்ளே என்னதான் வளர்கிறது என்று பார்ப்பதற்காக, பத்தாயிரம் வரிகளுக்கு ஒருமுறை அட்டவணையை அப்படியே திரையில் அச்சிடும்படி ஒரு ட்ரேஸ் வரியைச் செருகினேன். சிக்கல் மறைந்துவிட்டது. வரியை நீக்கினேன், திரும்பி வந்தது.

ஹாஸ்கெல் எழுதுகிறவர்கள் பலரும் இப்படி ஓர் இரவைக் கடந்திருப்பார்கள். தேவை வரும்வரை எதையும் கணக்கிடாமல் தள்ளிப்போடுவது அந்த மொழியின் இயல்பு. என் அட்டவணையில் இருந்தவை எண்களே அல்ல. 'பழைய எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டு' என்ற கட்டளை, அதன்மேல் இன்னொரு கட்டளை, அதன்மேல் இன்னொன்று என்று லட்சக்கணக்கில் அடுக்கப்பட்ட, நிறைவேற்றப்படாத கணக்குகள். இப்படி ஒத்திவைக்கப்பட்ட ஒரு கணக்கைத் தங்க் என்பார்கள். தமிழில் அதைத் 'தங்கு' என்று படித்தாலும் பொருள் கெட்டுவிடாது, நினைவகத்தில் தங்கிவிடுவதுதானே அதன் வேலை. நான் அச்சிடச் சொன்னதும், அச்சிடுவதற்கு எண் வேண்டும் என்பதால் அந்த அடுக்கு முழுவதும் கணக்கிடப்பட்டுக் கரைந்துபோனது. நோயைப் பார்க்க எடுத்த கருவியே மருந்தாகிவிட்டதால், நோய் இன்னதென்று எனக்குத் தெரியாமலே போனது.

மதிப்பை எழுத்துச் சரமாக மாற்றித் தரும் 'ஷோ' என்பதை ஹாஸ்கெல் கற்கிற எல்லோரும் முதல் நாளிலேயே அறிந்துகொள்கிறோம். தரவுக் கட்டமைப்பைப் பார்ப்பதற்கான வழி அதுவே என்றும் நம்பிவிடுகிறோம். என் கருத்தில் ஷோ ஓர் ஆய்வுக் கருவியே அல்ல. வண்ணம் தீட்டி, உள்தள்ளி, அழகாக அச்சிடுவதற்கென்று எத்தனையோ நூலகங்கள் இருக்கின்றன. ஆனால் அவை காட்டுவதற்காகத் தரவைக் கணக்கிட்டுவிடுகின்றன. எலிக்ஸிர் போன்ற மொழியில் இது ஒரு குறையாகாது. அங்கே ஐஓ.இன்ஸ்பெக்ட் என்று ஒரு பைப் தொடரின் நடுவே எழுதினால், வாங்கிய மதிப்பைக் காட்டிவிட்டு அப்படியே அடுத்த படிக்குக் கொடுத்துவிடும். மதிப்பு ஏற்கெனவே கணக்கிடப்பட்டுவிட்டதால், பார்ப்பதால் எதுவும் மாறுவதில்லை. ஹாஸ்கெலிலோ 'இந்தத் தரவு என்ன?' என்ற கேள்வியும் 'இந்தத் தரவு இந்த நொடியில் எந்த அளவுக்குக் கணக்கிடப்பட்டிருக்கிறது?' என்ற கேள்வியும் வேறு வேறு. இரண்டாவது கேள்விக்கு ஷோவால் ஒருநாளும் விடை சொல்ல முடியாது.

விடை சொல்லும் கருவி, ஹாஸ்கெல் வரிகளை உடனுக்குடன் ஓட்டிப் பார்க்கும் சூழலான ஜிஹெச்சிஐயில், 2007இல் வெளிவந்த 6.8 பதிப்பின் டீபக்கரோடு (பிழை தேடும் வசதியோடு) வந்துவிட்டது: முன்னால் முக்காற்புள்ளி இட்டு எழுதப்படும் 'ஸ்பிரிண்ட்' என்ற கட்டளை. ஒன்று முதல் ஐந்து வரையான எண்களில் ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டும் ஒரு பட்டியலை, முழு எண்களுக்கான இன்ட் வகை என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டு எழுதி, ஸ்பிரிண்ட் கொடுத்துப் பாருங்கள். _ என்று ஒரே ஒரு கீழ்க்கோடு வரும். இன்னும் எதுவுமே நடக்கவில்லை என்று பொருள். பட்டியலின் நீளத்தைக் கேட்டுவிட்டு மீண்டும் பார்த்தால் [_,_,_,_,_] என்று வரும்; நீளத்தை அறிய உறுப்புகளின் மதிப்பு தேவைப்படவில்லை, கூடு மட்டும் கட்டப்பட்டிருக்கிறது. முதல் உறுப்பை மட்டும் அச்சிட்டுவிட்டுப் பார்த்தால் [2,_,_,_,_]. கூட்டுத்தொகையைக் கேட்ட பிறகு [2,3,4,5,6]. ஒத்திவைத்த கணக்கு என்பதைப் பற்றிப் பத்துப் பக்கம் படித்தும் எனக்குப் பிடிபடாதது இந்த நான்கு வரிகளில் பிடிபட்டது.

இன்ட் என்று குறிப்பிடச் சொன்னதற்குக் காரணம் உண்டு. வகையைக் குறிப்பிடாமல் ஒன்றையும் இரண்டையும் கூட்டி ஒரு பெயர் கொடுத்தால், அதை எத்தனை முறை அச்சிட்ட பிறகும் ஸ்பிரிண்ட் கீழ்க்கோட்டையே காட்டிக்கொண்டிருக்கும். எந்த எண் வகைக்கும் பொருந்தும்படி விடப்பட்ட அந்தப் பெயர் உள்ளுக்குள் ஒரு சார்பு. ஒவ்வொரு முறையும் அது புதிதாகவே கணக்கிடப்படுகிறது, விடை எங்கும் சேமிக்கப்படுவதில்லை. கருவி பழுதென்று நினைத்து இந்த இடத்தில் அதைக் கைவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

இந்தச் சிந்தனை புதியதும் அல்ல. ஆண்டி கில் 2000ஆம் ஆண்டிலேயே ஹூட் என்ற நூலகத்தை எழுதியிருந்தார். ஒரு கட்டமைப்புக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டி நிரலை ஓடவிட்டால், அந்தக் கட்டமைப்பின் எந்தெந்தப் பகுதி உண்மையில் தேவைப்பட்டது என்பதை முடிவில் அது காட்டும். யாரும் கேட்காத பகுதி கீழ்க்கோடாகவே நிற்கும். தான் பார்ப்பதற்காக எதையும் கணக்கிடச் சொல்லக்கூடாது என்ற ஒழுக்கம் அதில் இருந்தது.

ஸ்பிரிண்டுக்கும் எல்லை உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. அது ஜிஹெச்சிஐக்குள் ஓடும் நிரலைத்தான் காட்டுகிறது. அங்கே நிரல் வழக்கமாக உகப்பாக்கம் இன்றி, அதாவது வேகத்துக்காகக் கம்பைலர் செய்யும் மாற்றங்கள் இன்றி, ஓடும். உகப்பாக்கத்தோடு தொகுக்கும்போது, உடனே கணக்கிட்டால் பாதகமில்லை என்று கம்பைலர் தானே கண்டுகொண்டு சில தங்குகளை இல்லாமலே செய்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும் உண்மையான நிரலின் நினைவகத்தைப் பார்க்க வேண்டுமானால் ஜிஹெச்சி-டீபக் என்ற கருவி இருக்கிறது. அதன் சிறு துணை நூலகத்தை நிரலோடு இணைத்துவிட்டால், வெளியிலிருந்து சாக்கெட் வழியாக அதை நிறுத்தி, எந்தப் பொருள் எதைப் பிடித்துவைத்திருக்கிறது என்று தேடலாம். ஹாஸ்கெலின் கம்பைலரான ஜிஹெச்சியில் 9.2 பதிப்பிலிருந்து, ஒவ்வொரு தங்கும் மூல நிரலின் எந்த வரியில் பிறந்தது என்பதையும் பதிந்துவைக்கும் வசதி உண்டு. தொகுத்த கோப்பின் அளவு வெகுவாகப் பெருகும் என்பது அதற்கான விலை.

இத்தனையும் இருந்தும், நான் படித்த தொடக்கப் பாடங்களில் ஸ்பிரிண்டுக்கு ஒரு பத்திகூட ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. மோனாடு என்ற ஹாஸ்கெல் கருத்துக்கு உவமை தேடிச் செலவழித்த பக்கங்களில் ஒன்றையாவது அதற்குக் கொடுத்திருக்கலாம். தொடக்கத்திலேயே கீழ்க்கோடுகளைக் காட்டினால் மாணவர்கள் மிரண்டுபோவார்கள் என்று ஹாஸ்கெல் கற்பிக்கும் நண்பர் ஒருவர் சொன்னார். நீளம் கேட்டதும் கூடு மட்டும் தோன்றுவதைக் கண்டு மிரள்வதைவிட, வேலைக்குச் சேர்ந்த பிறகு நினைவகம் ஏன் நிறைகிறது என்று தெரியாமல் மிரள்வது எப்படி மேலாகும் என்று கேட்டேன். அவருக்கு இன்னும் உடன்பாடில்லை.

என் பழைய நிரலை ஸ்பிரிண்டில் பார்த்தபோது பிழை எண்கள் எண்களாகவும், அவற்றுக்கு நேரே இருந்தவை அனைத்தும் கீழ்க்கோடுகளாகவும் தெரிந்தன. அட்டவணைக்கு நான் பயன்படுத்திய மேப் என்ற கட்டமைப்பை, மதிப்புகளை உடனே கணக்கிடும் அதன் ஸ்டிரிக்ட் வடிவத்துக்கு மாற்றினேன், நினைவகம் அடங்கியது. சில மாதங்கள் கழித்து, ஒவ்வொரு பிழைக்கும் எண்ணிக்கையோடு மொத்த நேரத்தையும் சேர்த்து ஓர் இணையாக வைத்தேன். நினைவகம் மறுபடியும் ஏறியது. ஸ்டிரிக்ட் மேப்பாயிற்றே என்று வியந்து, இம்முறை எதையும் அச்சிடாமல் நேரே ஸ்பிரிண்ட் கொடுத்தேன். ஒவ்வொரு பிழை எண்ணுக்கு நேரேயும் (_,_) என்று இருந்தது. இணையின் கூடுவரை கணக்கிட்டுவிட்டு மேப் தன் கடமையை முடித்துக்கொண்டிருந்தது. உள்ளிருந்த இரண்டு எண்களும் முன்போலவே தங்கிக்கொண்டிருந்தன. இணைக்குப் பதிலாக, புலங்கள் இரண்டிலும், உடனே கணக்கிடச் சொல்லும் ஆச்சரியக்குறி இட்ட தனி வகை ஒன்றை அறிவிக்க ஐந்து நிமிடம் ஆனது.