ஒரு கட்டளையில் முடிவதற்கு இத்தனை கூத்தா?

கோத்தகிரிப் பக்கத்துச் சிறு விவசாயி பச்சைத் தேயிலையை அன்றன்றே எடை போட்டுத் தொழிற்சாலைக்குக் கொடுத்துவிடுகிறார். அதற்கான விலையோ தேயிலை வாரியம் மாதச் சராசரியை அறிவித்த பிறகே உறுதியாகிறது. ஆகவே, விலை காலியாகக் கிடக்கும் எடைப் பதிவுகள் அனைத்திலும் அந்த விலையை நிரப்ப வேண்டும், அவ்வளவுதான் வேலை. இதற்கு எங்கள் மென்பொருளை எழுதிக் கொடுத்தவர்கள் செய்து வைத்திருக்கும் கூத்தைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

முதலில் வந்த நிரல், பதிவுகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே தரவுத்தளத்துக்கான அதே இணைப்பில், பதிவை மாற்றும் அப்டேட் கட்டளையையும் அனுப்பியது. எங்கள் தரவுத்தளமான மைஎஸ்கியூஎல்லில் அப்படிப் படிக்கும்போது, முடிவு முழுவதையும் வாங்கி முடிக்காமல் அதே இணைப்பில் வேறு கட்டளை கொடுத்தால் 2014 என்ற பிழைதான் வரும். கையேட்டிலேயே இருக்கிறது. அதைப் புரட்டாமல், வேண்டாத விவரங்களோடு சேர்த்து மொத்தத்தையும் நினைவகத்தில் ஏற்றினார்கள். நிரலை எழுதிய மொழியான பிஎச்பி இயல்பாக அனுமதிக்கும் 128 எம்பி நினைவகம் தீர்ந்து அதுவும் விழுந்தது.

மூன்றாவதாக வந்த ‘திருத்தம்’தான் கொடுமை. விலை இல்லாத பதிவுகளை லிமிட் (இத்தனை எடு), ஆஃப்செட் (இத்தனையைத் தாண்டு) போட்டு ஆயிரம் ஆயிரமாக எடுக்கிறார்களாம். முதல் ஆயிரத்துக்கு விலை ஏறியதும் அவை அந்தப் பட்டியலை விட்டே போய்விடுகின்றன. மிச்சமுள்ளவை முன்னுக்கு நகர்ந்துவிட, அடுத்த சுற்றோ மறுபடியும் ஆயிரத்தைத் தாண்டித்தான் தொடங்குகிறது. ஆக, ஓராயிரம் விட்டு ஓராயிரம் என ஏறக்குறையப் பாதிப் பதிவுகள் விலையைக் காணாமலே கிடக்கின்றன. பிழைச் செய்தி கிடையாது. திரையில் ‘வெற்றி’ என்று பச்சை எழுத்து வேறு! ரசீதில் எடை இருக்கிறது, எதிரே தொகை 0.00. “நான் போட்ட இலைக்குக் காசு எங்கே சார்?” என்று கேட்பவருக்கு ஆஃப்செட்டையா விளக்குவது?

படித்துக்கொண்டிருக்கும்போதே மாற்றினால் வரும் வம்பு இன்று முளைத்ததா? 1976இல் ஐபிஎம் ஆய்வாளர்கள், 25,000 டாலருக்குக் குறைவாகச் சம்பளம் வாங்குவோருக்கு 10 சதவீத உயர்வு தரும் கட்டளையை ஓட்டியபோது, உயர்ந்த பதிவு இன்டெக்ஸ் என்ற சம்பள வரிசைப் பட்டியலில் முன்னே நகர்ந்து மறுபடி மறுபடி அகப்பட, எல்லோரும் அந்தத் தொகையைத் தொடும்வரை உயர்வு ஏறிக்கொண்டே போயிற்று. ஹாலோவீன் சிக்கல் என்று அதற்குப் பெயரே உண்டு. ஒரே கட்டளைக்குள் அது நேராதபடி தரவுத்தளங்கள் காபந்து செய்து பல காலமாயிற்று. அந்தக் காபந்தை வேண்டாமென்று உதறிவிட்டு, வெளியே உட்கார்ந்து சுற்றுச் சுற்றாக ஓடும் லூப் எழுதுகிறார்கள் இந்தக் கெட்டிக்காரர்கள்.

இந்த மாதத்தில் விலை காலியாக உள்ளவற்றுக்கெல்லாம் இந்த விலையைப் போடு என்று ஒரே அப்டேட் போதும். ஆளுக்கு ஆள் பிடித்தம் மாறுவதால் ஒவ்வொன்றாகத்தான் போட வேண்டுமென்றால், கடைசியாகப் பார்த்த பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டு, அதற்கு மேற்பட்டவற்றை எண் வரிசையில் எடுத்தாலே ஒன்றும் நழுவாது. இதைச் சொன்னால் ‘அடுத்த வெர்ஷனில் பார்க்கலாம் சார்’ என்கிறார்கள். அதற்குத் தனிக் கட்டணமாம்!