பங்கேற்றது என்று ஒரு வரி

பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழுவில் நேற்று ராத்திரி இந்த வருஷத்து விளையாட்டு முடிவுகள் என்று ஒரு போஸ்டர் போட்டிருந்தார்கள். மேலே பாதி இடத்துக்குப் பதினாறு வயதுக்குட்பட்ட கிரிக்கெட் அணியின் படம். காலிறுதி வரைக்கும்தான் போனார்கள், கோப்பை எல்லாம் இல்லை, பரவாயில்லை, பையன்கள் நன்றாகத்தான் ஆடினார்கள். அப்புறம் கேரம், செஸ், ஓட்டத்தில் ஒரு வெண்கலம். கடைசியில் பொடி எழுத்தில் ஒரு வரி: கோ-கோ, பெண்கள், பங்கேற்றது.

அந்த அணியில் ஓடுகிறவள் என் மகள். ஒன்பதாம் வகுப்பு. போஸ்டரைப் பார்த்தாள், போனை என்னிடமே நீட்டினாள், "சாம்பார் இன்னும் கொஞ்சம் ஊத்துங்கப்பா" என்றாள். அவ்வளவுதான். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

ஏனென்றால் நான் அந்த ஆட்டத்தைப் பார்த்தேன். அரை நாள் லீவு போட்டு, சயானில் ரயிலைப் பிடித்து தாதர் போய், மைதானத்து ஓரத்தில் செருப்பைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து பார்த்தேன். கோ-கோ தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். விரட்டுகிற பக்கம் எட்டுப் பேர் வரிசையாக எதிரும் புதிருமாக உட்கார்ந்திருப்பார்கள், ஒன்பதாவது ஆள் விரட்டுவாள். ஓடுகிறவர்கள் மூன்று மூன்று பேராக உள்ளே வருவார்கள். ஒருத்தி எத்தனை நிமிஷம் பிடிபடாமல் நின்றாள் என்பதுதான் பெரிய கணக்கு, மராத்திப் பத்திரிகைகளில் ஒவ்வொரு பெண்ணின் பெயருக்கும் பக்கத்தில் நிமிஷமும் நொடியும் போட்டிருப்பார்கள். அந்த ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் என் மகள் 2 நிமிஷம் 40 நொடி நின்றாள். வரிசையின் ஓரத்துக் கம்பத்துக்குப் பக்கத்தில் போய், விரட்டிய பெண் பாய்வதற்குள் இடுப்பை மட்டும் ஒடித்து மறுபக்கம் வந்த விதம் இருக்கிறதே, வீட்டில் ஒரு டம்ளரை எடுத்து வைக்கப் பத்து தடவை சொல்ல வேண்டிய பிள்ளையா இது என்று இருந்தது. ஆட்டம் முடிய அரை நிமிஷம்கூட இல்லாதபோது வேறொரு பெண் பிடிபட்டாள். ஒரு புள்ளியில் தோல்வி.

இதற்குப் பெயர் பங்கேற்றதா?

தோல்வியை வெற்றி மாதிரி காட்டச் சொல்லவில்லை. தோற்றது தோற்றதுதான். நான் கேட்பது ஒன்றே ஒன்று, ஸ்கோரைப் போடுங்கள். எல்லா அணிக்கும், எல்லா ஆட்டத்துக்கும், முதல் சுற்றில் வெளியே வந்தவர்களுக்கும்.

இந்த மும்பையில் பள்ளிக்கூட விளையாட்டு என்றாலே எல்லாரும் 1988 ஹாரிஸ் ஷீல்டைத்தான், அதாவது பள்ளிகளுக்கான கிரிக்கெட் போட்டியைத்தான் எடுப்பார்கள். ஆசாத் மைதானம், சச்சினும் வினோத் காம்ப்ளியும் சேர்ந்து 664 ரன், சச்சின் 326, காம்ப்ளி 349, இரண்டு பேரும் அவுட் இல்லை. சரி. அன்றைக்கு எதிரணியில் பந்து போட்டுப் போட்டு அடிவாங்கிய ஒரு பையன் சாய்ராஜ் பஹுதுலே, அவரும் பின்னால் இந்தியாவுக்கு டெஸ்ட் ஆடினார். அடுத்து இறங்க வேண்டியவன் என்று பேடு கட்டி உட்கார்ந்தே இருந்த பையன் அமோல் மஜும்தார். ஸ்கோர் ஷீட்டில் அவருக்கு ஒரு ரன்கூட இல்லை. இந்தியாவுக்கு ஆடவும் வாய்ப்பு கிடைக்கவில்லை. 2025 நவம்பரில் நவி மும்பையில் நம் பெண்கள் உலகக்கோப்பையை வாங்கினார்களே, அந்த அணியின் தலைமைப் பயிற்சியாளர் அவர்தான். நம் பள்ளிக்கூடப் போஸ்டராக இருந்தால் இந்த இரண்டு பேரையும் எந்த வரியில் எழுதியிருப்பார்கள்?

2016 ஜனவரியில் கல்யாணில் பிரணவ் தனவடே என்ற ஆட்டோ ஓட்டுநரின் மகன் ஒரே இன்னிங்ஸில் 1009 அடித்தான், உலகமே பார்த்தது. அவன் பள்ளி 3 விக்கெட்டுக்கு 1465. எதிரணி 31, அடுத்த இன்னிங்ஸில் 52. நான் அந்த 31-ஐயும் 52-ஐயும் தான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அத்தனை ரன்னுக்கும் பந்தைப் பொறுக்கிக்கொண்டு வந்து, மறுபடியும் பேடு கட்டி இறங்கினார்களே அந்தப் பிள்ளைகள். அவர்களுடைய ஸ்கோரும் எழுதப்பட்டிருப்பதால்தான் இன்றைக்கு எனக்கு அது தெரிகிறது.

பள்ளியை மட்டும் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. சாயங்காலம் பிள்ளை மண்ணும் வியர்வையுமாக வந்தால் நாமும் "ஜெயிச்சியா?" என்றுதான் கேட்கிறோம், "எப்படி ஆடினே?" என்று கேட்பதில்லை. ஜனவரி பிறந்தால் பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்கிறார், நாம் உள்ளுக்குள் சந்தோஷப்படுகிறோம். பத்தாம் வகுப்பில் விளையாட்டுக்குச் சலுகை மதிப்பெண் உண்டு என்று தெரிந்தால் மட்டும் பி.டி. சாரின் நம்பரைத் தேடுகிறோம். நானும் தேடியவன்தான், மறைக்கவில்லை.

இன்னொன்று. 2025 ஜனவரியில் டெல்லியில் முதல் கோ-கோ உலகக்கோப்பை நடந்தது. பெண்கள் இறுதியாட்டத்தில் நேபாளத்தை 78-40 என்று ஜெயித்தது இந்தியா, கேப்டன் பிரியங்கா இங்ளே நம் மகாராஷ்டிரப் பெண். அன்றைக்கு இதே வாட்ஸ்அப் குழுவில் கொடியும் கைதட்டலுமாக எத்தனை பொம்மைகள் வந்து விழுந்தன! நம் பிள்ளைகள் ஆடினால் அதே ஆட்டத்துக்குப் பொடி எழுத்து.

இன்று காலையில் பி.டி. சாருக்குப் போன் போட்டேன். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது, போஸ்டர் ஆபீஸில் யாரோ செய்தது. ஆனால் மனுஷன் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறார், எல்லா ஆட்டமும் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறார், மழையில் நனைந்து ஓரம் சுருண்ட நோட்டு. எங்கள் ஆட்டம் இருந்த பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார். அதை அப்படியே குழுவில் போட்டேன். இரண்டு பேர் கட்டைவிரல் காட்டினார்கள், ஒருவர் அடுத்த மாத ஃபீஸ் கடைசித் தேதி என்ன என்று கேட்டார்.

இங்கேயும் போட்டு வைக்கிறேன். கோ-கோ, பெண்கள், முதல் சுற்று: 11-12, ஒரு புள்ளியில் தோல்வி. அதிக நேரம் நின்றவர்: 2 நிமிஷம் 40 நொடி. பேரைப் போடாதே என்று அவள் சொல்லியிருக்கிறாள்.