ராத்திரி தங்கினீர்களா தம்பி?

எங்கள் தூத்துக்குடியைப் பற்றிய அந்த வீடியோவை நேற்றிலிருந்து ஆளாளுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன், போதும். லிங்கை இங்கே போட மாட்டேன். பெயரும் சொல்ல மாட்டேன். அவருக்கு வியூஸ் ஏற்றிவிடும் வேலை எனக்கு வேண்டாம்.

பகல் பதினோரு மணிக்கு வந்து இறங்கி, சாயங்காலம் திருச்செந்தூர் பஸ் ஏறிவிட்ட ஒருவர், "தூத்துக்குடில பாக்க ஒண்ணுமே இல்ல கைஸ், மக்ரூன் வாங்கிட்டுக் கெளம்பிருங்க" என்று ஊருக்கே தீர்ப்பு எழுதிவிட்டார். மே மாதம், உச்சி வெயில், ரோச் பூங்காப் பக்கம் நின்றுகொண்டு "பீச்ல ஒரு ஆளக் காணோம்" என்று ஆச்சரியம் வேறு. தம்பி, அந்த நேரத்தில் எந்த ஊர்க் கடற்கரையில் ஆள் இருக்கிறது? நாய்கூட படகு நிழலில் படுத்திருக்கும்.

எனக்கு ஒரே ஒரு கேள்விதான். ராத்திரி தங்கினீர்களா? இல்லை. அப்புறம் என்ன பார்த்தீர்கள்?

இது வேலை செய்கிற ஊர். துறைமுகம், மீன், உப்பு, இந்த மூன்றும்தான் சோறு போடுகின்றன. மீன் ஏலமும் உப்பு வேலையும் பெரும்பாலும் ராத்திரியிலும் விடியற்காலையிலும் நடக்கிற காரியங்கள். உப்பளத்தில் சூரியன் வருவதற்கு முன்பே பாத்தியில் இறங்கிவிடுவார்கள். நீங்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்து இறங்கும்போது அவர்கள் பாதி வேலையை முடித்துவிட்டு ஒதுங்கியிருப்பார்கள். பழைய பேக்கரிகளில் மக்ரூனும் அப்படித்தான். முட்டை வெள்ளையை நுரைக்க அடித்து, சீனியும் முந்திரித் தூளும் சேர்த்துக் கையால் கூம்பு கூம்பாகப் பிழிந்து, சூடு தணிந்த அடுப்பில் வைத்து மெல்லக் காயவிட வேண்டும். நீங்கள் "ஜஸ்ட் சுகர்தான் கைஸ்" என்று கடித்துத் துப்பாத குறையாகச் சொன்ன அந்தச் சின்னச் சாமானுக்காக ஒருவர் தூக்கம் கெட்டிருக்கிறார். கல்யாணம் முடிந்த மறுநாள் போய் பந்தலில் யாருமே இல்லை என்று குறை சொல்கிற கதையாக இருக்கிறது உங்கள் வீடியோ.

அடுத்து மீன். "கடலோர ஊருன்னு வந்தா பெரிய மீனே இல்ல." ஐயா, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரை முழுக்க விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன் இனப்பெருக்கத்துக்காக 61 நாள் கரையில் கட்டிப் போட்டிருப்பார்கள். நாட்டுப்படகும் வள்ளமும் கொண்டுவருவதுதான் கிடைக்கும். இது ஓட்டல்காரர் செய்த மோசடி கிடையாது. வருகிற வழியில் போனில் ஒரு தடவை தேடிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தடை முடிந்து வாருங்கள். இங்கே விசைப்படகுகள் விடியும் முன் கிளம்பி அன்றைக்கு ராத்திரியே திரும்பிவிடும். பல நாள் கடலில் தங்குகிற வழக்கம் இங்கே கிடையாது. அதனால் ராத்திரி ஒன்பது மணிவாக்கில் மீன்பிடித் துறைமுகத்தில் இருந்தால், அன்று காலையில் நீந்திக்கொண்டிருந்த மீன் ஏலத்துக்கு வருவதைப் பார்க்கலாம். இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்கள் பெரும்பாலும் கடலுக்குப் போக மாட்டார்கள், மாதா கோவிலுக்குத்தான் போவார்கள். திங்கள் காலையில் வந்து புது மீன் எங்கே என்று கேட்காதீர்கள்.

சென்னையில் கூட வேலை பார்த்த ஒருவர் போன வருஷம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவரும் திருச்செந்தூர் போகத்தான் வந்தார். நான்தான் "ஒரு ராத்திரி இருந்துட்டுப் போங்கண்ணே" என்று பிடித்து நிறுத்தினேன். காலையில் மீனவர்கள் வாழும் தெரேஸ்புரத்துக்குக் கூட்டிப்போனேன். நாட்டுப்படகிலிருந்து இறக்கிய சீலா மீனைக் கூறு கூறாக மணலில் போட்டிருந்தார்கள். தராசு கிடையாது, கண்ணாலேயே மதிப்புப் போடுவதுதான். ஏலம் விடுகிறவர் சொல்லும் தொகை பழகாத காதுக்குப் பாட்டு மாதிரி ஓடும், எங்கே முடிந்தது என்றே தெரியாது. தலையை லேசாக அசைத்தார் ஒரு அக்கா, அவ்வளவுதான், கூறு அவருக்கு. ஐஸை அள்ளிப் போட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தே போய்விட்டார். நண்பரின் அம்மா சைவம். மூக்கைப் பொத்திக்கொள்வார் என்று நினைத்தேன். அவரோ அந்த அக்கா பின்னாடியே போய், "ஏம்மா, இத வித்தா ஒனக்கு எவ்ளோ நிக்கும்?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத் திருச்செந்தூர் போகச் சாயங்காலம் ஆகிவிட்டது. முருகன் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.

சரி, இப்போது வருவார்கள். "விமர்சனம் பண்ணவே கூடாதா?" பண்ணுங்கள். தங்கிவிட்டுப் பண்ணுங்கள்.

"கடற்கரை குப்பையா இருக்கே?" ஆமாம், இருக்கிறது. அடுத்த கேள்வி.

"தங்கச் சொல்றீங்க, தங்க நல்ல இடம் எங்க இருக்கு?" இதற்குக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். இங்கே அறைகள் கப்பல் கம்பெனிக்காரர்களுக்கும், மருந்துக் கம்பெனி ரெப்புகளுக்கும், சரக்கு விஷயமாக வந்து போகிறவர்களுக்கும் என்று வளர்ந்தவை. பால்கனியில் கடல் தெரியாது, ஊஞ்சல் கிடையாது, காலை உணவில் தர்பூசணியைப் பூவாக வெட்டி வைத்திருக்க மாட்டார்கள். வெந்நீர் வரும், ஏசி ஓடும், கீழே இறங்கினால் ஆட்டோ கிடைக்கும். போதாதா? ஊருக்குள் கிரேட் காட்டன் ரோடு, விக்டோரியா எக்ஸ்டென்ஷன் ரோடு பக்கம் அறை எடுத்தால் சாப்பாடும் கடற்கரையும் கிட்டத்தில். நம் தம்பி அறையே எடுக்கவில்லை என்பதையும் மறந்துவிடாதீர்கள். தங்காத இடத்துக்கு எப்படி மார்க் போட்டார் என்று தெரியவில்லை.

சாப்பாடு பற்றியும் ஒரு வார்த்தை. மத்தியானம் ஏதோ ஒரு ஏசி ரெஸ்டாரண்டில் பிரைடு ரைஸ் சாப்பிட்டுவிட்டு "லோக்கல் டேஸ்ட் மிஸ்ஸிங்" என்கிறார். இருட்டின பிறகு வந்திருக்க வேண்டும். இங்கே பரோட்டாக் கடைக்கே நைட் கிளப் என்றுதான் பெயர். யாரும் ஆட மாட்டார்கள், பயப்பட வேண்டாம். கல் சூடேறுகிற சத்தம் கேட்கும்போது போய் உட்கார்ந்து, பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு அது மூழ்குகிற அளவுக்குச் சால்னா ஊற்றி ஊறவிட்டு, கூடவே பொரித்த கோழி. வீட்டுச் சாப்பாடு யாராவது போட்டால் மாசிக் கருவாட்டில் செய்த மாசி சம்பலைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். குடிக்க கருப்பட்டிக் காபி, வெயிலுக்கு ஒரு பன்னீர் சோடா. பதநீர் வேண்டுமா, சீசன் இருக்கும்போதே காலையில் குடித்துவிட வேண்டும், வெயில் ஏறினால் ருசி போய்விடும். பாருங்கள், பதநீருக்கும் ராத்திரி தங்கித்தான் ஆக வேண்டும்.

"தீவுக்குப் போக விடமாட்டேங்கறாங்க" என்று ஒரு புலம்பல். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-லேயே கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. இறங்கி ரீல்ஸ் எடுக்க அனுமதி இல்லை. இரண்டு தீவுகள் ஏற்கெனவே தண்ணீருக்குள் போய்விட்டன. எங்கள் வான் தீவு கரைந்துவிடாமல் இருக்கச் செயற்கைப் பாறைகளை இறக்கி வைத்திருக்கிறார்கள். அங்கே உங்கள் செருப்புக் கால் பட வேண்டாம். துறைமுகத்தை ஒட்டிய முயல் தீவுக்குப் போகலாமே என்பீர்கள். காணும் பொங்கலுக்கு வாருங்கள், ஊரே சோறு கட்டிக்கொண்டு அங்கேதான் இருக்கும்.

பழைய துறைமுகத்தைக் காரிலிருந்தே காட்டிவிட்டு "சில பழைய போட்ஸ்" என்று சொன்னதுதான் எனக்கு நிஜமாகவே சுருக்கென்றது. அது தோணி. மரத்தில் செய்தது, பாய்மரம் உள்ளது. காய்கறியும் கட்டுமானச் சாமானும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் போகிறது. என் பெரியப்பா தோணியில் தண்டலாக, அதாவது தோணிக்குத் தலைவராக இருந்தவர். லீவு விட்டால் என்னைக் கூட்டிப்போய் வெங்காய மூட்டை மேல் உட்காரவைத்துவிட்டுக் கணக்குப் பார்ப்பார். கொழும்பில் இருந்து சோப்பு வாங்கிவருவார், அதைக் குளிக்க விடாமல் பெரியம்மா துணி அலமாரிக்குள் வாசனைக்கு வைத்திருப்பார். 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, காலியா, லாவோ என்று இரண்டு கப்பல் வாங்கி வெள்ளைக்காரனோடு போட்டி போட்டு ஓட்டினாரே, அதுவும் இதே கடலில்தான், இதே கொழும்புக்குத்தான். 2011-ல் கொழும்புக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள், சில மாதத்தில் நின்றுபோனது. அதைப் பற்றி யாரும் வீடியோ போடவில்லை. சில பழைய போட்ஸ்!

"உங்க ஊருக்கு ரொம்பத்தான் கோபம் வருது" என்று ஒருவர் ஏற்கெனவே மெசேஜ் அனுப்பிவிட்டார். வரும். காலேஜ் ஹாஸ்டலில் ஊர் பேரைச் சொன்ன முதல் நாளே "பைல அருவா இருக்கா மச்சி?" என்று கேட்டார்கள். சிரித்துக்கொண்டே மக்ரூன் டப்பாவைத் திறந்து கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் அதே ஜோக். சினிமாவில் ஒருவன் மீசையை முறுக்கி ஆளை வெட்டினால் அவன் பாதி நேரம் எங்கள் ஊர்க்காரனாகத்தான் இருக்கிறான். 2018 மே மாதம் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தபோது கேமராக்கள் வந்தன. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, எங்கள் தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றபோது, சென்னை சேனல்களுக்கு நாங்கள் ஞாபகம் வரவே நேரமானது. ஒன்று எங்களைப் பார்த்துப் பயப்பட வேண்டும், அல்லது பரிதாபப்பட வேண்டும். சும்மா வந்து, சாப்பிட்டு, படுத்து, எழுந்து ஊரைப் பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. திருச்செந்தூருக்குப் பஸ் மாறுகிற இடம் நாங்கள்.

அந்தத் தம்பி கெட்டவர் என்று சொல்லவில்லை. இவ்வளவுக்கும் முத்துநகர் எக்ஸ்பிரஸில் சாயங்காலம் எழும்பூரில் ஏறினால் விடிகிற நேரத்துக்கு ஊரில் இறக்கிவிடுவான். நேராகத் தெரேஸ்புரம் போயிருக்கலாம். அவர் விமானத்தில் வந்தார். வந்தது தப்பில்லை, வாகைக்குளம் விமான நிலையத்தில் இப்போது புது முனையமே வந்துவிட்டது. ஆனால் ஏறி வந்த வேகத்திலேயே ஓடியும் விட்டார். ஒட்டப்பிடாரம், பாஞ்சாலங்குறிச்சி, ஆதிச்சநல்லூர் எதுவும் இங்கிருந்து தூரமில்லை. மணப்பாடு, கொற்கை பற்றியெல்லாம் இன்னொரு நாள் எழுதுகிறேன். இன்றைக்கு எழுதினால் திட்டிக்கொண்டே எழுதுவேன்.

"டூரிஸ்ட் வந்தா ஊர் கெட்டுப்போயிரும், நல்லதுக்குத்தான் விடுங்க" என்று சொந்த ஊர்க்காரர்களே சிலர் சொல்கிறீர்கள். அதுவும் சரியாக இருக்கலாம். இப்போது அதை யோசிக்கிற நிதானத்தில் நான் இல்லை.

ஜூலை 26 பனிமய மாதா கோவிலில் கொடியேற்றம், ஆகஸ்ட் 5 திருவிழா. வருகிறவர்கள் இப்போதே ரூம் போட்டுவிடுங்கள். அந்தச் சமயத்தில் கடைசி நேரத்தில் வந்து நின்றால் எங்கேயும் கிடைக்காது. கிடைக்கவில்லை என்று அதற்கும் ஒரு வீடியோ போடாதீர்கள்.