கத்தரிக்காய்க்கு மட்டும்தான் கேள்வியா?

மதுரையில் சாயங்காலம் ஒரு டம்ளர் பருத்திப்பாலைக் குடித்துவிட்டு வந்து, 'மரபணு மாற்று உணவை நாட்டுக்குள் விடவே மாட்டோம்' என்று பதிவு போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

பி.டி. பருத்திக்கு, அதாவது புழுவைக் கொல்லும் புரதத்தைத் தானே உண்டாக்கும்படி ஒரு நுண்ணுயிரின் மரபணுவைச் சேர்த்த பருத்திக்கு, 2002-ல் அனுமதி கொடுத்தார்கள். இன்று நாட்டில் பருத்தி பயிரிடும் பரப்பில் 90 சதவீதத்துக்கும் மேல் அதுதான். ஊறவைத்து, ஆட்டிப் பிழிந்து, கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சுகிறோமே, அந்தப் பருத்திக்கொட்டை வேறு எங்கிருந்து வரும்? பிண்ணாக்கு மாட்டுக்கு, எண்ணெய் நமக்கு (சுத்திகரித்த எண்ணெயில் அந்தப் புரதம் அநேகமாக மிஞ்சாது, அது வேறு விஷயம்). குடித்தால் ஆபத்து என்று சொல்ல வரவில்லை. நூலுக்கென்று வந்த பயிர் அடுப்படிவரை வந்தபோது, அதே மாதிரி மரபணு சேர்த்த பி.டி. கத்தரிக்காயிடம் கேட்டதில் கால்வாசிக் கேள்விகூட அதனிடம் கேட்கப்படவில்லை.

கத்தரிக்காய் கதை தெரியும்தானே. 2009 அக்டோபரில், மரபணு மாற்றுப் பயிர்களைப் பரிசீலிக்கும் மத்திய அரசின் ஒப்புதல் குழு சரி என்றது. 2010 பிப்ரவரியில் அப்போதைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், ஏழு ஊர்களில் மக்களிடம் கருத்துக் கேட்டுவிட்டு, நிறுத்தி வைத்தார். அறிவியலை அரசியல் தோற்கடித்துவிட்டது என்று இன்னமும் புலம்புகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எலிகளுக்கு 90 நாள் கொடுத்துப் பார்த்த சோதனை உட்பட அநேகமாக எல்லாம் விதையை விற்கப்போகும் நிறுவனம் ஏற்பாடு செய்தவை, அந்த விவரங்களும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு நீதிமன்றம்வரை போன பிறகுதான் வெளியே வந்தன. மறைத்து வைத்துவிட்டு நம்பு என்றால் எவன் நம்புவான்?

அதற்காகச் சோதனையே ஏமாற்று என்பதும் அபத்தம். அமெரிக்காவில் பயனியர் என்ற விதை நிறுவனம் சோயாவில் சத்தைக் கூட்ட பிரேசில் கொட்டையின் மரபணு ஒன்றைச் சேர்த்தது. அந்தக் கொட்டை ஒத்துக்கொள்ளாதவர்களின் ரத்தத்தை வைத்துச் சோதித்தால், இந்தச் சோயாவும் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்தது. 1996-ல் முடிவு பத்திரிகையில் வந்தது, சோயா சந்தைக்கே வரவில்லை. அதாவது ஒவ்வொரு பயிரையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் பிடிபடும். 'மரபணு மாற்று' என்று மொத்தமாக நல்லது கெட்டது சொல்ல முடியாது. காய்ப்புழுவுக்குப் பயந்து வாரம் தவறாமல் மருந்தடித்த கத்தரிக்காயை வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டு இதை மட்டும் விஷம் என்பதும் நியாயமில்லை.

நான் கேட்பது ரொம்பச் சின்ன விஷயம். சோதனைக்கூடத்தைக் கம்பெனி தேர்ந்தெடுக்கக் கூடாது, செலவை வேண்டுமானால் கட்டட்டும். மூல விவரங்கள் அனுமதிக்கு முன்பே இணையத்தில் வரட்டும். அப்புறம் லேபிள். மரபணு மாற்று உணவுப் பொட்டலத்தின் மேல் 'ஜி.எம்.' என்று அச்சிட வேண்டும் என 2013-லேயே விதி வந்தது. பருத்திக்கொட்டை எண்ணெய் பாக்கெட் எதிலும் நான் அதை இதுவரை பார்த்ததில்லை.