பதுக்கல் அல்ல, நிலம்தான் அவ்வளவு

மேலே ஒருவர், "ரொமானே-கோன்ட்டி ஒயின் ஒரு பாட்டில் லட்சக்கணக்கான ரூபாய்க்கு விற்கக் காரணம் கம்பெனி சரக்கைப் பதுக்குவதுதான், நினைத்தால் உற்பத்தியைக் கூட்டலாம்" என்று எழுதியிருக்கிறார். அப்படி இல்லை. பிரான்சின் பர்கண்டியில் அந்தப் பெயருக்குரிய தோட்டம் மொத்தமே சுமார் 1.8 ஹெக்டேர், அதாவது நாலரை ஏக்கர். ஆண்டுக்கு ஐந்தாறாயிரம் பாட்டில் தேறினால் பெரிது. வேலிக்கு அந்தப் பக்கம் விளைந்த திராட்சைக்கு அதே பெயரைப் போடச் சட்டம் விடாது. ஒரு ஹெக்டேருக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்ற உச்சவரம்பும் உண்டு.

அப்புறம், 2018இல் நியூயார்க் ஏலத்தில் 5,58,000 டாலருக்குப் போன 1945ஆம் ஆண்டு பாட்டிலை உதாரணம் காட்டுகிறார். அந்த ஆண்டு எடுத்ததே சுமார் 600 பாட்டில். அறுவடை முடிந்ததும் பழைய கொடிகளைப் பிடுங்கிவிட்டார்கள். 1952 வரை அங்கே ஒயினே இல்லை. அந்தப் பணமும் தோட்டக்காரருக்குப் போகவில்லை, பாட்டிலை வைத்திருந்தவருக்குப் போனது. விலை ஏற்றத்தில் குறை சொல்வதென்றால் வாங்கிக் கைமாற்றி விற்பவர்களைச் சொல்லுங்கள், அதில் நியாயம் இருக்கிறது.