கை தேர்ந்தவர் என்றால் கற்பிக்கவும் வருமா?

"ஆயிரக்கணக்கில் கொலோனோஸ்கோபி (கேமரா பொருத்திய வளையும் குழாயைப் பெருங்குடலுக்குள் செலுத்திப் பார்க்கும் சோதனை) செய்தவருக்குக் கற்றுக்கொடுக்கத் தனிப் பயிற்சி எதற்கு?" என்று சிலர் கேட்பது தவறு. சிக்கலே அந்த அனுபவத்தில்தான் இருக்கிறது. பழகிய கை யோசிக்காமல் வேலை செய்கிறது. செய்வதை வார்த்தையாக்கத் தெரிவதில்லை.

ஓர் உதாரணம். சிக்மாய்டில் (மலக்குடலுக்குச் சற்று முன் வளைந்திருக்கும் பெருங்குடல் பகுதி) குழாய் சுருண்டு வளையம் விழுந்துவிட்டது. மாணவர் குழாயைத் தள்ளுகிறார், முனை நகரவில்லை, நோயாளி வலியில் முகம் சுளிக்கிறார். பயிற்சி பெறாத ஆசிரியர் "அப்படியில்லை, இந்தப் பக்கம்" என்பார். அடுத்த நொடி கருவியைப் பிடுங்கிக்கொள்வார். மாணவர் பார்த்தது திரையை மட்டுமே. கை என்ன செய்தது என்று தெரியாது. பயிற்சி பெற்றவர் முதலில் "நிறுத்துங்கள்" என்பார். பிறகு "தள்ளியது உள்ளே போகிறதா?" என்று கேட்பார். அதன் பிறகே "வலஞ்சுழியாகத் திருகியபடி மெல்லப் பின்னால் இழுங்கள்" என்பார். குழாய் நேரானால் மண்ணீரல் வளைவில் (மண்ணீரலருகே பெருங்குடல் திரும்பும் இடம்) உள்ளே போன குழாயின் அளவு ஏறத்தாழ 50 செ.மீ. காட்டும், 80 காட்டினால் வளையம் இன்னும் அவிழவில்லை. (எல்லா வளையமும் வலஞ்சுழிக்கு அவிழாது, அதையும் சொல்லித்தர வேண்டும்.)

இதைத்தான் பயிற்றுநர் பயிற்சியில் பழக்குகிறார்கள்: தொடங்குமுன் ஒரே ஒரு இலக்கு, இருவரும் ஒத்துக்கொண்ட சொற்கள், எப்போது கருவி கைமாறும் என்ற முடிவு. நடுவே பேச்சைக் குறைக்க வேண்டும். திருகும் கையும் கேட்கும் காதும் ஒரே மூளைக்குத்தான் போட்டியிடுகின்றன. விளக்கமெல்லாம் சோதனை முடிந்த பிறகுதான். அப்போதும் முதலில் மாணவர் பேசட்டும்.