கொடுங்கையூரில் குப்பை எரி உலை வேண்டாம் என்கிறோம், சரி. நம்ம ஏரியா ஆஸ்பத்திரியின் மருத்துவக் கழிவு மஞ்சள் பை எங்கே எரிகிறது?

ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினம் வந்தால் போதும். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு வேப்பங்கன்று, அதைச் சுற்றிப் பத்துப் பேர், பின்னால் ஒரு பிளக்ஸ் பேனர். மறுநாள் கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை. 'பசுமை மருத்துவமனை' என்றால் இவ்வளவுதான் என்று ஆகிவிட்டது.

வடசென்னைக்காரர்கள் இதை நம்பக் கூடாது. ஊர்க் குப்பை கொடுங்கையூருக்கு, ஊர் கரண்டுக்கு எரித்த நிலக்கரிச் சாம்பல் எண்ணூருக்கு என்று வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் நாம். அதனால்தான் குப்பை எரி உலை வேண்டாம் என்று தெருவில் நிற்கிறோம். அதே நியாயப்படி, நம் பகுதி ஆஸ்பத்திரியிலிருந்து தினமும் வேனில் ஏறும் மஞ்சள் பையையும் கேட்க வேண்டும். அது போய் எரிகிற இடத்துக்குப் பக்கத்திலும் ஒரு ஊர் இருக்கிறது.

2016 மருத்துவக் கழிவு விதிகளின்படி மஞ்சள் பையில் போவது பெரும்பாலும் எரிக்கப்படும்: ரத்தம் தோய்ந்த பஞ்சு, கட்டுத் துணி, வெட்டி எடுத்த திசு, காலாவதி மருந்து. சிவப்புப் பை எரிவதில்லை. டிரிப்ஸ் பாட்டில், ஐவி செட், யூரின் பை, ஊசி நீக்கிய சிரிஞ்ச், கையுறை எல்லாம் அதில் போய், ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கலத்தில் வெந்து, துண்டு துண்டாக நறுக்கப்பட்டு மறுசுழற்சிக்குப் போகும். ஊசி, பிளேடுக்கு வெள்ளை டப்பா. மருந்துக் குப்பி, கண்ணாடிக்கு நீலம். இது சுவரில் ஒட்டிய சார்ட்டில் எல்லா ஆஸ்பத்திரியிலும் இருக்கிறது. பைக்குள் இருப்பதுதான் வேறு.

உலக சுகாதார நிறுவனக் கணக்கில் மருத்துவமனைக் கழிவில் சுமார் 85 சதவீதம் சாதாரணக் குப்பை. சாப்பாட்டு மிச்சம், அட்டைப் பெட்டி, பேப்பர், மருந்தைச் சுற்றி வந்த பிளாஸ்டிக் உறை. இது மஞ்சள் பையில் விழுந்தால் இட்லிப் பொட்டலத்தையும் டீசல் ஊற்றி எரிக்கிறோம். அதைவிட மோசம், ஐவி டியூப் மஞ்சளில் விழுவது. அதில் பெரும்பகுதி பிவிசி, அதாவது குளோரின் உள்ள பிளாஸ்டிக். எரியும்போது டயாக்ஸின் என்ற நச்சு உண்டாகும். உலையின் இரண்டாம் அறை 1050 டிகிரி பக்கம் நிற்க வேண்டும், புகை அங்கே 2 விநாடியாவது தங்க வேண்டும் என்று விதி சொல்வது இதைக் கட்டுப்படுத்தத்தான். ஆனால் உலை சரியாக ஓடுகிறதா என்பது நம் கையில் இல்லை. டியூப் எந்தப் பையில் விழுகிறது என்பது நம் கையில் இருக்கிறது.

ஏன் தப்பாக விழுகிறது? முதல் காரணம், டப்பா நிற்கும் இடம். கட்டில் பக்கத்தில் மஞ்சள் டப்பா வைத்தால் கூட இருக்கும் ஆள் வாழைப்பழத் தோலை அதில்தான் போடுவார். கைக்கு எட்டுவது அதுதானே. கட்டில் பக்கம், காரிடார், டீ குடிக்கும் இடமெல்லாம் சாதாரணக் குப்பைத் தொட்டி மட்டும். மஞ்சளும் சிவப்பும் நர்ஸ் தள்ளிக்கொண்டு வரும் டிராலியிலும் டிரஸ்ஸிங் அறையிலும் இருந்தால் போதும். டப்பா மேல் ஆங்கில வாசகம் யாருக்கு? பொருளின் படத்தை ஒட்டுங்கள். எழுத வேண்டுமென்றால் தமிழோடு தெலுங்கும் இந்தியும் சேருங்கள். நம் வார்டுகளில் படுத்திருப்பவர்களும் துடைக்கிறவர்களும் பேசும் மொழிகள் இவை.

இரண்டாவது, நைட் ஷிப்ட். ராத்திரி ரெண்டு மணிக்குச் சிவப்புப் பை தீர்ந்துபோகும். ஸ்டோர் பூட்டியிருக்கும். இருக்கிற நிறப் பையில் எல்லாம் போகும். காலையில் திட்டு வாங்குவது ஆயாம்மா. ஒவ்வொரு வார்டிலும் ஒவ்வொரு நிறத்துக்கும் 15 நாள் இருப்பு வையுங்கள். முக்கால் பை நிறைந்ததும் கட்டிவிட வேண்டும். காலால் மிதித்து அமுக்கினால் உள்ளே தப்பி விழுந்த ஊசி குத்தும்.

மூன்றாவதைப் பலர் பார்ப்பதில்லை. கழிவு எடுக்கும் நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் கட்டணம் படுக்கைக் கணக்கா, எடைக் கணக்கா? படுக்கைக் கணக்கென்றால் எவ்வளவு ஒழுங்காகப் பிரித்தாலும் ஒரு ரூபாய் மிச்சமில்லை. நிர்வாகத்துக்கு எங்கிருந்து அக்கறை வரும்? புதுப்பிக்கும்போது எடைக் கணக்குக்கு மாற்றக் கேளுங்கள். கூடவே ஒரு காவல் வேண்டும், இல்லையென்றால் பணத்தை மிச்சம் பிடிக்க ரத்தப் பஞ்சு சாதாரணக் குப்பையில் ஏறி மாநகராட்சித் தொழிலாளியின் கைக்குப் போய்விடும். வாரம் ஒரு முறை சாதாரணக் குப்பைப் பை ஒன்றையும், தடிமனான கையுறை போட்டுக்கொண்டு இடுக்கியோடு, திறந்து பார்க்க வேண்டும்.

கையுறை என்றதும் ஒன்று. பிபி பார்க்க, காய்ச்சல் பார்க்க, சாப்பாடு கொடுக்க, கட்டில் விரிக்கக் கையுறை தேவையில்லை. ரத்தம், உடல் திரவம் படும் வேலைக்குத்தான். லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனை 2018இல் இதை மட்டும் நர்ஸ்களுக்குச் சொல்லிக் கொடுத்து ஒரே வருடத்தில் 21 டன் பிளாஸ்டிக்கைக் குறைத்தது. ஒரே கையுறையோடு நாலு கட்டில் போகிறவர் கை கழுவுவதையும் விட்டுவிடுகிறார் என்பது அங்கே மட்டுமல்ல, இங்கேயும் கதை.

அடுத்து தண்ணீர். டயாலிசிஸ் இருக்கும் ஆஸ்பத்திரி என்றால் இங்கேதான் புதையல். நிமிடத்துக்கு 500 மில்லி, 4 மணி நேரம் என்றால் ஒரு நோயாளிக்கு 120 லிட்டர் சுத்த நீர். 5 மெஷின், 3 ஷிப்ட், மொத்தம் 1,800 லிட்டர். அதைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் பாதித் தண்ணீரை ரிஜெக்ட் என்று தள்ளிவிடும் என்று வைத்தாலும் இன்னொரு 1,800 லிட்டர் தினமும் சாக்கடைக்கு. அந்த ரிஜெக்ட் தண்ணீர் நோயாளியைத் தொடவே இல்லை, உப்பு கூடிய மெட்ரோ தண்ணிதான் அது. 10 லிட்டர் ஃபிளஷ் 180 தடவை அடிக்கலாம். ஒரு பக்கம் இதைக் கொட்டிவிட்டு இன்னொரு பக்கம் கக்கூஸுக்கு லாரித் தண்ணீர் வாங்குகிறோம்.

செய்யும்போது கவனம். டயாலிசிஸ் மெஷினிலிருந்து நோயாளியின் கழிவோடு வெளிவரும் திரவம், டயாலிசேட், வேறு. அதை இதோடு சேர்க்கவே கூடாது. ஆர்.ஓ. அறையிலேயே ரிஜெக்ட் குழாயில் டி போட்டுத் தனித் தொட்டிக்கு இழுக்க வேண்டும். குழாய்க்கு வேறு நிறம், குடிநீர் லைனோடு எங்கேயும் இணைப்பு இருக்கக் கூடாது. ஆர்.ஓ.வுக்கு முன்னால் கார்பன் ஃபில்டர் குளோரினை எடுத்துவிடுவதால் இந்தத் தண்ணீர் ரெண்டு நாள் நின்றால் பாசி பிடித்து நாறும். மூடிய கறுப்புத் தொட்டி, கொஞ்சம் குளோரின், அன்றன்றைக்கே காலி. போர் தண்ணீர் ஓட்டும் இடத்தில் இன்னொரு சிக்கல். மீஞ்சூர் பக்கம் கடல்நீர் நிலத்தடிக்குள் ஏறிய கதை எல்லாருக்கும் தெரியும். உள்ளே போகும் தண்ணீரிலேயே டி.டி.எஸ்., அதாவது கரைந்த உப்பின் அளவு, 2,000 என்றால் ரிஜெக்டில் கிட்டத்தட்ட 4,000. ஃபிளஷ் வால்வு வெள்ளைக் கட்டியாகி மூன்று மாதத்தில் மாட்டிக்கொள்ளும். 'பசுமை' என்று செடிக்கு ஊற்றினால் செடி கருகும். டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்தான், முதலில் அதை வாங்குங்கள்.

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் நாறுகிறது என்று புகார் வந்தால் பழுது பெரும்பாலும் மேலே வார்டில். 'ஃபினாயில் வாசனை வந்தாதான் சுத்தம்'னு ஒரு நினைப்பு. எல்லாத் தரைக்கும் ஹைப்போ என்ற குளோரின் கரைசல், எல்லாச் சிங்க்கிலும் லைசால். அத்தனையும் கீழே போய், கழிவைத் தின்ன வேண்டிய பாக்டீரியாவைக் கொல்கிறது. சாதாரண வார்டுத் தரைக்குச் சோப்புத் தண்ணீர் போதும். ஹைப்போ ரத்தம் சிந்திய இடத்துக்கு, ஆபரேஷன் தியேட்டருக்கு, பிரசவ அறைக்கு. 30 சதவீதத்துக்கு மேல் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் என்றால் லிட்டருக்கு 30 கிராம், சுமார் 1 சதவீதம் வரும். நம்ம ஊர் வெயிலில் வீரியம் இறங்கிவிடும், அன்றன்றைக்கு கலக்க வேண்டும். கக்கூஸ் ஆசிட்டோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், ஜாக்கிரதை.

கரண்ட் விஷயத்தில் எல்லாரும் சோலார் என்றுதான் ஆரம்பிப்பார்கள். முதலில் ஃபேனைப் பாருங்கள். பழைய ஃபேன் 70 முதல் 75 வாட், கரண்ட் குறைவாக இழுக்கும் புது வகை பி.எல்.டி.சி. ஃபேன் 30 சொச்சம். 60 ஃபேன் தினம் 20 மணி நேரம் ஓடினால் நாளுக்குச் சுமார் 50 யூனிட் மிச்சம், வருடத்துக்கு 18,000. யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு என்றால் 12 டன்னுக்கு மேல். அதற்குப் பிறகு மொட்டை மாடியில் சோலார் போடுங்கள். 1 கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி, நாளுக்குச் சராசரி 4 யூனிட். நம் பக்கம் உப்புக் காற்றும் சாம்பல் தூசியும் படியும். வாரம் ஒரு முறை அதிகாலையில் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். போர் தண்ணீரில் கழுவினால் உப்புப் படலம் ஒட்டும். 2016 வர்தா புயலை மனதில் வைத்து ஸ்டாண்டை மாட்டச் சொல்லுங்கள்.

ஆபரேஷன் தியேட்டர் ஏசியை ராத்திரி மொத்தமாக நிறுத்தி மிச்சம் பிடிக்கும் வேலை மட்டும் வேண்டாம். சென்னைப் புழுக்கத்தில் ரெண்டே நாளில் சீலிங்கில் பூஞ்சை வரும். வேகத்தைக் குறைத்து, டிகிரியை ஏற்றி ஓட விட வேண்டும். அதே தியேட்டரில் மயக்கத்துக்குக் கொடுக்கும் நைட்ரஸ் ஆக்சைடு குழாய் இருந்தால் மாதம் எத்தனை சிலிண்டர் வாங்குகிறோம், உண்மையில் எத்தனை நோயாளிக்குக் கொடுத்தோம் என்று கணக்குப் பாருங்கள். கரியமில வாயுவைப் போல சுமார் 273 மடங்கு பூமியைச் சூடாக்கும் வாயு அது, கசிந்துகொண்டே இருக்கும். சின்ன ஆஸ்பத்திரிக்கு மத்தியக் குழாயே தேவையில்லை. அனஸ்தீசியா மெஷினோடு சின்ன சிலிண்டர் போதும். டெஸ்ஃப்ளூரேன் என்ற இன்னொரு மயக்க மருந்து சுமார் 2,500 மடங்கு, வாங்காதீர்கள். ஸ்காட்லாந்து 2023இலேயே நிறுத்திவிட்டது.

இளைப்புக்கு வருகிறவர்கள் நம் பகுதியில் அதிகம். அழுத்தி அடிக்கும் இன்ஹேலர் பம்ப்பில் உள்ள உந்து வாயுவும் இதே ரகம், ஆயிரம் மடங்குக்கு மேல். பொடி உறிஞ்சும் ரோட்டாஹேலரில் வாயுவே இல்லை, விலையும் குறைவு. ஆனால் பலமாக இழுக்க முடியாத சின்னக் குழந்தை, முதியவர், மூச்சு முட்டிக்கொண்டு வருகிறவர் ஆகியோருக்குப் பம்ப்பும் அதில் மாட்டும் ஸ்பேஸர் குழலும்தான். அங்கே கார்பன் கணக்குப் பார்ப்பது அநியாயம்.

கழிவு அறை எந்த மட்டத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள். பெரும்பாலும் பின்பக்கத் தாழ்வில், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில். 2023 டிசம்பர் வெள்ளம் மாதிரி தண்ணீர் ஏறினால் கட்டி வைத்த மஞ்சள் பை தெருவில் மிதக்கும். சேர்த்து வைக்க விதி தரும் அதிகபட்சம் 48 மணி நேரம். வெள்ளத்தில் வேன் வராது. ஆகவே போன வெள்ளத்தில் தண்ணீர் நின்ற கோட்டுக்கு மேலே மேடை கட்டுங்கள்.

ஒவ்வொரு மருத்துவமனையும் முந்தைய வருடம் எந்த நிறப் பையில் எத்தனை கிலோ போனது என்று நான்காம் படிவத்தில் ஜூன் 30க்குள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தர வேண்டும், தன் இணையதளத்திலும் போட வேண்டும். வேப்பங்கன்று படத்தை ஷேர் செய்வதற்கு முன்னால் அந்தப் படிவத்தைத் தேடுங்கள். இல்லையென்றால் ஆபீஸில் கேளுங்கள். மஞ்சளில் எத்தனை கிலோ, சிவப்பில் எத்தனை கிலோ? சிவப்பு எதுவுமே இல்லாமல் மஞ்சள் மட்டும் ஏறிக்கொண்டே போனால் டியூப் எல்லாம் எங்கே போகிறது என்று அடுத்த கேள்வி.